எடைக்குப் போட்ட கடல்

புவியியல் துறைப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வரும் கல்வியாண்டிலிருந்து மூன்றாமாண்டுக் கடலியல் தாளில் நான்காம் அலகு இருக்காது என்ற உங்கள் முடிவை நேற்றுத்தான் படித்தேன். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கண்டத்திட்டுக்கும் ஆழ்கடலுக்கும் இடையே நடக்கும் நீர்ப் பரிமாற்றம் பற்றிய அலகு அது. அதற்காக ஆண்டுதோறும் பாம்பனுக்குப் போய்வந்த இரண்டு நாள் களப்பயணமும் அதோடு சேர்ந்து போகிறது. நீங்கள் சொல்லியிருக்கும் காரணம் ஒரே வரி: மதுரை உள்நாட்டு மாவட்டம், வட்டாரப் பொருத்தம் குறைவு.

நான் பேராசிரியர் இல்லை. அந்தத் துறையில் 26 ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றவன். 1997 முதல் 2020 வரை ஒரு பயணம் விடாமல் வாளி, கயிறு, வெப்பமானி, புளியோதரைப் பொட்டலம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி இறக்கியவன். உங்கள் குழுவில் இரண்டு பேர் அந்த வேனில் மாணவர்களாக வந்தவர்கள். ஒருவர் பரமக்குடி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தவர். யாரென்று சொல்ல மாட்டேன். கல்லூரியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும்.

முதலில் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். கீழைக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தை ஒட்டி எழுகடல் தெரு இருக்கிறது. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை வந்தது, தள்ளாத வயதில் அந்த அம்மாளை அலையவிடக் கூடாது என்று சொக்கநாதர் ஏழு கடலையும் அந்த இடத்துக்கே வரவழைத்தார் என்பது கதை. குளம் போய்க் கடைகள் வந்துவிட்டன. பெயர் நிற்கிறது. கொற்கை முத்தை விற்று வாழ்ந்த ராசாக்களின் தலைநகரம் இது. அவர்கள் கொடியில் பொறித்தது மீன். இந்த ஊருக்குக் கடல் பொருந்தாது என்று எழுதிய கை, கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம்.

கதையை விடுங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மதுரையில் பெய்கிற மழை வங்கக் கடலிலிருந்து வருகிறது. கரிமேட்டு மீன் சந்தையில் நீங்கள் வாங்கும் சீலாவும் நெத்திலியும் ஏதோ ஒரு கண்டத்திட்டின் மேல் வளர்ந்தவை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மீன் விலை என்ன ஆகிறது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் எடுத்துப் போட்ட அந்த அலகில் அப்படி என்ன இருந்தது? குழுவில் எல்லோரும் அதைப் படித்தவர்கள் இல்லை என்பதால் சொல்கிறேன். எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் காலமாகிவிட்ட எங்கள் துறைத் தலைவர். நாங்கள் பெரிய சார் என்போம். அவர் வகுப்பு நடத்தும்போது கதவோரம் நின்று கேட்டது, 24 முறை கேட்டதால் எனக்கு மனப்பாடம்.

கரையிலிருந்து கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதில்லை. கண்டம் தண்ணீருக்குள்ளும் கொஞ்ச தூரம் திண்ணை மாதிரி நீண்டு கிடக்கிறது. அதுதான் கண்டத்திட்டு. ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம் வரை திண்ணை, அதற்கப்புறம் சரிவு, அதற்கும் கீழே ஆயிரக்கணக்கான மீட்டர். உலகக் கடற்பரப்பில் திண்ணையின் பங்கு நூற்றுக்கு எட்டுக்குள்தான். ஆனால் மனிதன் பிடிக்கும் மீனில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் கிடைக்கிறது. காரணம் உரம். ஆழத்தில் கிடக்கும் குளிர்ந்த நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைய. வெளிச்சம் இருப்பது மேலே. உரமும் வெளிச்சமும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் பாசி, பாசி இருந்தால்தான் நெத்திலி. அந்த உரத்தையெல்லாம் ஆறுகளே கொண்டுவந்து கொட்டுகின்றன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல திட்டுகளில் ஆறு கொண்டுவருவதைவிட ஆழ்கடல் ஏற்றிவிடுவது அதிகம் என்று பெரிய சார் சொன்னபோது நம்பச் சிரமமாக இருந்தது.

ஆக, ஆழ்கடல் நீர் திண்ணைமேல் ஏற வேண்டும், திண்ணையில் பழையதாகிப்போன நீர் வெளியே இறங்க வேண்டும். சொல்ல எளிது. நடப்பது எளிதல்ல. ஏன் என்பதற்கு அவர் பலகையில் மதுரையை வரைவார்.

நடுவில் கோயில், அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. கோயிலைக் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள், வீதி ஒவ்வொன்றும் ஓர் ஆழக்கோடு. சித்திரை வீதியில் 20 மீட்டர், மாசி வீதியில் 200 மீட்டர், வெளி வீதிக்கு வந்தால் ஆழ்கடல். தேர் மாசி வீதியிலேயே நான்கு பக்கமும் சுற்றி வருவது போலத்தான் நீரோட்டமும். பூமி சுழல்வதால் ஓடும் நீர் தன் ஆழத்தை விட்டு விலகாமல் அதே வீதியில் போகப் பார்க்கும். கரையை ஒட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சளைக்காமல் ஓடும், குறுக்கே பத்துக் கிலோமீட்டர் கடப்பதற்குத் திணறும். மாசி வீதிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவன் சித்திரை வீதிக்கு வர வேண்டுமென்றால் சந்து தேடுகிறானே, அந்த மாதிரி. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் கடலில் அந்தப் பிடி கொஞ்சம் தளர்வு. ஆனால் இல்லாமல் இல்லை.

நான்காம் அலகு முழுக்க அந்தச் சந்துகளைப் பற்றித்தான். முதல் சந்து காற்று. காற்று வீசும் திசையிலேயே மேல்நீர் போகாது. நம் அரைக்கோளத்தில் வலப்பக்கம் விலகும். 1893-ல் புறப்பட்ட துருவப் பயணத்தில் பனிக்கட்டி காற்றுக்கு வலப்பக்கமாக நகர்வதை நார்வேக்காரர் நான்சன் கவனித்தார், 1905-ல் சுவீடன் விஞ்ஞானி எக்மான் அதற்குக் கணக்கு எழுதினார். கேரளக் கடலோரத்தில் சூன் முதல் செப்டம்பர் வரை இதுதான் நடக்கிறது. மேல்நீர் கரையை விட்டு விலக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்நீர் ஏறுகிறது. மத்தி மீன் கொழுப்பது அந்த நீரில். இரண்டாவது, திட்டின் விளிம்பை வெட்டிக்கொண்டு போகும் கடலடிப் பள்ளத்தாக்குகள். பிறகு பல கிலோமீட்டர் அகலச் சுழல்கள். மேலே நின்று பார்த்தால் தெரியாத உள்ளலைகள் உண்டு, மேலே உள்ள வெதுவெதுப்பான நீருக்கும் கீழே உள்ள குளிர்நீருக்கும் நடுவில் எழுபவை. அந்தமானில் அவை பல பத்து மீட்டர் உயரம் வரும். சில கடல்களில் திட்டின் மேலேயே குளிர்ந்தோ உப்பேறியோ கனத்துப்போன நீர் அடியோடு வழிந்து சரிவில் இறங்கிவிடும். கண்மாயில் கலிங்கு வழிவது போல என்பார்.

அந்தக் கண்மாய் உவமையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். வரத்துக்கால் அடைபட்டு, கலிங்கும் வழியாத கண்மாய் என்ன ஆகும் என்று மதுரையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் கண்மாயை அவர்கள் தினமும் பேருந்திலிருந்து பார்க்கிறார்கள்.

இதை வகுப்பில் சொல்வதோடு விட்டிருக்கலாம். பெரிய சார் விடவில்லை. கையை நனைக்காமல் கடல் பாடம் கிடையாது என்பார். அதனால்தான் பாம்பன். வடக்கே பாக் விரிகுடா, ஆழமே பத்துப் பதினைந்து மீட்டருக்குள். தெற்கே மன்னார் வளைகுடா, தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரைத் தாண்டும். ஊர்க்காரர்கள் வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு. வாடைக்காலத்தில் போனால் வடக்கேயிருந்து தெற்கே தண்ணீர் பாலத்தடியில் இழுத்துக்கொண்டு ஓடும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அதுவே திரும்பி ஓடும். புத்தகத்தில் பரிமாற்றம் என்று எழுதியிருப்பதைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணால் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு சனவரியிலும் பாம்பன் வடக்குக் கரையில் ஒரு வாளி, தெற்கே குந்துகாலில் ஒரு வாளி. வெப்பம், உப்பு, கலங்கல். உப்புக்கு ஹைட்ரோமீட்டர். கலங்கலுக்கு, எழுகடல் தெருவில் நான் வாங்கி வெள்ளைப் பெயிண்ட் அடித்த எவர்சில்வர் தட்டு. நாட்டுப்படகிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பது. மழைக்காலம் முடிந்த கையோடு போவதால் வடக்கு வாளியில் உப்பு குறைவாக இருக்கும். வங்கக் கடலின் ஆற்றுநீர் கலந்த நீர் கரையோரமாகவே இறங்கி வந்திருப்பதன் அடையாளம் அது. கங்கை கலந்த தண்ணீரில் நம் பிள்ளைகள் கை வைத்தார்கள் என்று பெரிய சார் பெருமையாகச் சொல்வார். கொஞ்சம் மிகைதான். முற்றிலும் பொய்யும் இல்லை.

ஒரு முறை உவரிப் பக்கத்திலிருந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவன், வகுப்பில் வாயே திறக்காதவன், படகில் எழுந்து நின்று பேச ஆரம்பித்தான். நீரோட்டத்துக்கு அவர்கள் ஊரில் நீவாடு என்று பெயராம். எந்தக் காற்றுக்கு எந்த நீவாடு, எதில் வலை கிழியும், எதில் பார் மீன், அதாவது கடலடிப் பாறையில் வாழும் மீன், மேலே வரும் என்று அரை மணி நேரம் பேசினான். பெரிய சார் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அன்று அவன்தான் ஆசிரியர். மதுரைக் கல்லூரிகளில் கடலோரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று உங்கள் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகு வட்டாரப் பொருத்தத்தைப் பேசுவோம்.

2019-ல் மட்டும் இரண்டு முறை போனோம். செப்டம்பரில் பழைய மாணவி ஒருத்தி பாம்பனிலிருந்து போன் செய்தாள்: "சார், கடல் பச்சையா கெடக்கு. மீன் செத்து ஒதுங்குது." போனோம். தெற்குக் கரையில் தண்ணீர் பெயிண்ட் கரைத்த மாதிரி இருந்தது. பிணவாடை. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்தது என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். உயிர்வளி குறைந்து மீனும் பவளமும் அடிபட்டன. அன்று ஒரு மாணவன் கேட்டான்: "இவ்வளவு பெரிய கடல் இருக்கே, இந்தத் தண்ணி ஏன் கலந்து போகாம இங்கயே நிக்குது?"

நான்காம் அலகின் மொத்தக் கேள்வியும் அதுதான், ஐயா. ஒரு திட்டில் நீர் எத்தனை நாள் தங்குகிறது, எந்தச் சந்து வழியாக வெளியேறுகிறது, எப்போது அந்தச் சந்து மூடிக்கொள்கிறது. பெரிய சார் கரையில் உட்கார்ந்து அவனுக்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னார். ஏறிவரும் ஆழ்நீர் எப்போதும் நல்லதே செய்யும் என்று எண்ணாதே என்றும் சொன்னார். உயிர்வளி வற்றிய நீரும் அதே வழியில் ஏறும். இந்தியாவின் மேற்குத் திட்டில் அந்தச் சிக்கல் முற்றிவருவதைக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் 2000-லேயே எழுதியிருக்கிறார்கள்.

அவர் போன கடைசிப் பயணத்துக்கு முந்தைய பயணம் அது. அதற்கப்புறம் 2020 சனவரி ஒன்று. பிறகு கொரோனா. அதன் பிறகு யாரும் வேன் பிடிக்கவில்லை.

இனி எழுதப்போவதுதான் என்னை உட்காரவைத்து எழுதச் செய்தது. பாடத்தை நீக்கியதைக்கூடக் கூட்டம் போட்டு முடிவெடுத்தீர்கள். நோட்டுகளை என்ன செய்தீர்கள்? 24 ஆண்டு, 25 பயணம், 25 நீள நோட்டு. ஆய்வகத்தில் மூன்றாவது அலமாரியின் அடித்தட்டில் நான் வரிசையாக அடுக்கி, ஆண்டு எழுதி ஒட்டிவைத்தவை. சென்ற மாதம் அலமாரியைக் காலி செய்தபோது பழைய விடைத்தாள்களோடு அவற்றையும் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் தம்பி மனசு கேட்காமல் எனக்குப் போன் செய்தான். நான் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி லாரி ஏறிவிட்டது. கடைக்காரர் நல்ல மனிதர், சாக்குகளைக் கவிழ்த்துத் தேடிக்கொள்ளச் சொன்னார். 11 கிடைத்தன. கிலோ கணக்குப் போட்டுக் காசு கொடுத்து வாங்கிவந்தேன்.

நாங்கள் போய்வந்த காலத்தில் மன்னார் வளைகுடாவில் பவளம் பெருமளவில் வெளுத்த ஆண்டுகள் 1998, 2010, 2016. இவற்றில் 2010 நோட்டு மட்டும் என் கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் போயின. 2019 செப்டம்பர் நோட்டு இருக்கிறது. ஆனால் அதன் கடைசி நான்கு பக்கம் கிழிந்திருக்கிறது.

ஆண்டுக்கு இரண்டு நாள் வாளித் தண்ணீரை அளந்து ஆராய்ச்சி ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். பெரிய சாரும் அதையேதான் சொல்வார். ஆனால் ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், ஒரே மாதிரிக் கருவியால் இத்தனை ஆண்டு எழுதியது இந்த ஊரில் வேறு எந்தக் கல்லூரியிலாவது இருக்கிறதா? பிள்ளைகளின் கையெழுத்து அதில் இருக்கிறது. அவர்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். உங்கள் குழுவில் உட்கார்ந்திருக்கும் இருவரின் கையெழுத்தும் உண்டு.

அந்த அலகின் இடத்தில் செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் கையாளும் பயிற்சி வருகிறது என்று கேள்விப்பட்டேன். வரட்டும், நல்லது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடலின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்துத்தான் மீன் எங்கே கிடைக்கும் என்று மீனவர்களுக்கு அறிவிக்கிறது. ஆனால் செயற்கைக்கோளுக்குத் தெரிவது கடலின் தோல் மட்டும். இன்னொரு பக்கம், ஆழ்கடலில் 2000 மீட்டர் வரை மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ 4000 இருக்கின்றன. அவை திட்டுக்கு வருவதில்லை, ஆழம் போதாது. நீர் ஏறி இறங்கும் விளிம்பு இந்த இரண்டு கண்ணுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. படத்தில் சிவப்பும் நீலமும் தெரியும். ஏன் சிவப்பு, அடியில் என்ன ஓடுகிறது என்று கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் படம் கோலப்பொடி.

இன்னும் ஒன்று. மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் 12 மீட்டர் ஆழக் கால்வாயால் இணைக்கும் சேதுசமுத்திரத் திட்டத்தை 2005 சூலை 2 அன்று தொடங்கிவைத்தது இந்த மதுரையில்தான். அன்று ஊர் முழுக்கத் தோரணம். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம். 2023 சனவரியில் சட்டமன்றம் அதை நிறைவேற்றக் கேட்டுத் தீர்மானம் போட்டது. நாளை மறுபடி பேச்சு வரும். அப்போது இரண்டு கடலுக்கும் நடுவே ஓடும் நீர் என்ன ஆகும் என்று கேட்க மதுரையில் படித்த ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டாமா? தோரணம் கட்டும்போது மட்டும் கடல் நமக்குப் பொருந்துகிறதோ?

நான் கேட்பவை இவை. நான்காம் அலகைத் திரும்பச் சேருங்கள். முழுசாக முடியாவிட்டால் பத்து மணி நேர வகுப்பாகவாவது இருக்கட்டும். பாம்பன் பயணத்தை இந்தச் சனவரியிலேயே மறுபடி தொடங்குங்கள். வேன் வாடகைதான் தடை என்றால் பழைய மாணவர்களிடம் நான் கேட்கிறேன், எழுத்தில் ஒரு அனுமதி மட்டும் கொடுங்கள். கடலோரத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளில் ஒருவரையாவது, அல்லது அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரையாவது, பாடத்திட்டக் கூட்டத்துக்கு அழைத்து உட்காரவையுங்கள். நோட்டுகளை எடைக்குப் போடச் சொன்னது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் துறையில் எழுதப்பட்ட எந்தக் களப்பதிவையும் துறைக்கூட்ட ஒப்புதல் இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்று ஒரு வரி எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டுங்கள்.

மிச்சமிருக்கும் 11 நோட்டும் வில்லாபுரத்தில் என் வீட்டுப் பரணில், பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. தட்டும் கயிறும்கூட என்னிடம்தான். பெற்றுக்கொண்டதாகத் துறை முத்திரையோடு ஒரு ரசீது எழுதி, வைப்பதற்குப் பூட்டுள்ள அலமாரி ஒன்றைக் காட்டினால் மறுநாளே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
புவியியல் துறை